விதிவிலக்கு

ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களில் தமிழ்த் தாய்தகப்பனுக்கு மொழிபெயர்க்கப் போவது என் தொழில். 16 வருடமாகிறது. இன்றைக்கும் ஒரு சொல்லில் இடறுகிறேன். ‘எக்ஸ்செப்ஷனல்’.

1980இல் ஒன்ராறியோ தன் கல்விச் சட்டத்தைத் திருத்தி, விசேட கல்வி தேவைப்படுகிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பது பள்ளிச் சபையின் கடமை என்று ஆக்கியது. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் வைத்திருக்கிற பெயர்தான் ‘எக்ஸ்செப்ஷனல்’ மாணவர். குறைந்தது மூன்று பேர் கொண்ட ஒரு குழு கூடித்தான் அப்படி அடையாளம் காணும். பேச வராத பிள்ளையும் அதற்குள் அடக்கம், படிப்பில் வெளுத்து வாங்குகிற பிள்ளையும் அடக்கம்.

சில வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம். குளிர்ச் சப்பாத்தில் ஒட்டிய பனி மேசைக்கடியில் உருகிக்கொண்டிருந்தது. ஓட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையனின் தாய் என் பக்கத்தில். அதிபர் அந்தச் சொல்லைச் சொன்னதும் வாயில் வந்தபடி, “உங்கட மகனை விதிவிலக்கான மாணவர் எண்டு அடையாளம் காணப் போகினம்” என்றேன்.

அவர் சட்டென்று தலை நிமிர்ந்தார். “விதி விலகினா நல்லதுதானே அக்கா?”

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? சட்டத்தின் விதியும் தலைவிதியும் ஒரே சொல்லாக இருக்கிற மொழியில் இருந்துகொண்டு அவர் கேட்கிறார். நான், “நல்லது என்கிறார்” என்றேன். தாய்க்குச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள். அது என் பிழை. ஆனால் அன்றைய பெரிய பிழை அதுவல்ல.

குழுவில் இருந்த உளவியலாளர் நல்ல மனுசி. பிற நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் நம்பிக்கையைக் கேட்டறிய வேண்டும் என்று படித்துவிட்டு வந்தவர். “உங்கள் மகனின் கஷ்டத்துக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். முன்பெல்லாம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. தாய் பெருமூச்சுக்கூட விடாமல், “எந்தப் பிறப்பில செய்த வினையோ” என்றார். நான் ‘கர்மா’ என்றேன். யோகா வகுப்புப் புண்ணியத்தில் அந்தச் சொல் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அறிக்கை வந்தபோது, தாய் குற்றவுணர்வில் தவிக்கிறார், அவருக்கு உளவளத்துணை நல்லது என்று எழுதியிருந்தது.

குற்றவுணர்வு என்பது ‘நான் இதைச் செய்தேன், அதனால் இது வந்தது’ என்று ராத்திரியில் தூங்கவிடாமல் குடைவது. கர்ப்பத்தில் எதையாவது சாப்பிட்டேனா, அந்த மருந்தா, முகாமில் பட்ட பயமா என்று தேடுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். இந்தத் தாய் அந்தத் தேடலை முடித்துவிட்டிருந்தார். எந்தப் பிறப்பு என்று தெரியாது, யார் செய்தது என்றும் தெரியாது. விசாரிக்க முடியாத இடத்தில் வழக்கை வைத்துப் பூட்டியாயிற்று. அவர் வாயில் ‘வினை’ என்ற சொல் செய்த வேலை அதுதான். அது அவருக்குத் தூக்கம் தந்தது. நாங்கள் அதை நோயாக எழுதிக் கொடுத்தோம்.

இதே சொல்லை வேறு வாயில் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சாமத்திய வீட்டில், இந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தியபோது, பட்டுச்சேலை கட்டிய ஒரு மாமி “ஆர் செய்த பாவமோ” என்றாராம். அதற்குப் பிறகு தாயும் மகனும் கொண்டாட்டங்களுக்குப் போவதில்லை. எனக்கும் இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. சாமியறையில் விளக்கேற்றுகிறவள்தான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பழைய கடன் கட்டுகிறது என்று என்னால் நினைக்க முடியாது.

சித்தாந்தம் படித்தவர்கள் வினையை மூன்றாகப் பிரிப்பார்கள். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இந்தப் பிறப்பில் அனுபவிப்பது பிராரத்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். பள்ளிக்கூடத்துக்கு முதல் இரண்டில் அலுவல் கிடையாது. மூன்றாவதில் அந்தத் தாயும் பள்ளிக்கூடத்தாரும் ஒரே மேசையில் இருந்தார்கள். தெரியாமல்தான்.

எனக்கே அது விளங்கியது வசந்தத்தில், பேச்சுச் சிகிச்சையாளரோடு அவர்கள் வீட்டுக்குப் போன அன்று. முன்பு யாரோ பையனோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் அந்தப் புத்திமதி இன்னும் உலாவுகிறது. கோப்பிக்கடையில் பழகிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்சுவது எப்படி? அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பின்னேரம் விளக்கு வைத்துத் தேவாரம் பாடுவதை மட்டும் விடவில்லை. அதுவும் திருநீலகண்டப் பதிகம்.

திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது சம்பந்தர் பாடியது அது என்கிறது பெரியபுராணம். ஊரில் வருத்தம் என்றால் எங்கள் அம்மம்மாவும் இதைத்தான் படிப்பார். அவரோடு சேர்ந்து எத்தனையோ தரம் பாடியும் முதற் பாட்டின் பொருளை நான் கவனித்ததில்லை. வினைதான் காரணம் என்று சொல்லத் தெரிந்த நீங்கள் கரையேறும் வழியைத் தேடாமல் இருக்கலாமா என்று அடியாரைப் பிடித்து உலுக்குகிறார் சம்பந்தர். அப்படி இருப்பதற்கு அவர் வைக்கும் பெயர் ஊனம். பிள்ளைகளுக்கு நாம் ஒட்டிவிட்ட அதே சொல்.

அன்றைக்கு அந்தத் தாய் பாடினார். பையன் சுவரைப் பார்த்தபடி ஒரு விளையாட்டுக் காரின் சில்லை உருட்டிக்கொண்டிருந்தான். சிகிச்சையாளரின் படிவத்தில் ‘சொற்கள்’ என்ற கட்டத்தில் பூச்சியம் இருந்தது. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொன்றும் ‘திருநீலகண்டம்’ என்று முடியும். அந்த இடம் வரும்போது சில்லு நின்றது. “கண்டம்” என்றான். அடுத்த பாட்டிலும் அப்படியே.

மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கதையைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. அன்றைக்கு அதற்கும் விலக்குக் கொடுத்தேன். “அது முனகல் இல்லை, சொல்” என்றேன். சிகிச்சையாளர் தாயை மறுபடி பாடச் சொன்னார். கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். தாய் காத்திருந்தார். எட்டோ பத்தோ செக்கன். வந்தது.

பொருள் என்ன என்று சிகிச்சையாளர் என்னைக் கேட்டார்.

“தொண்டை” என்றேன்.

அவர் பூச்சியத்தை வெட்டி ஒன்று என்று எழுதினார். தாய் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டினார். “தண்ணி எண்டும் சொல்லுவான் அக்கா. அதையும் எழுதச் சொல்லுங்கோ.”