சுவையும் கவனமும்

பசித்தோர் பலர் வாழும் உலகில் நாவின் இன்பத்தைத் தேடிச் செல்வது அறமாகுமா? எளிதில் விடை கூறிவிடலாம் போல் தோன்றும் இவ்வினா, அண்மையில் ஓர் இரவு என்னை உறங்கவிடவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். அதனையொட்டி எங்கள் நால்வரையும் கோலாலம்பூரிலுள்ள ஜப்பானிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ‘கைசெக்கி’ என்னும் முறையில் உணவு படைத்தனர். நம் வாழையிலையில் இனிப்பும் புளிப்பும் உவர்ப்பும் ஒருங்கே அமர்ந்திருக்கும்; எதனை முதலில் தொடுவது என்பது உண்பவர் விருப்பம். அங்கோ ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று வரும். வரிசையை வகுப்பவர் சமையற்கலைஞர். தெளிந்த சாறு, பச்சை மீன் துண்டுகள், அனலில் வாட்டிய மீன், பதமாய் வெந்த காய் என ஒன்பது முறை படைத்தார்கள். சோறு இறுதியில்தான் வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கவளமே. அளவு சிறிதாகவே, கவனம் பெரிதாயிற்று. தட்டின் ஓரத்தில் வைத்திருந்த சிற்றிலையைக்கூட நாங்கள் உற்று நோக்கி வியந்தோம்.

அப்போது நண்பர் ஒரு செய்தி கூறினார். கைசெக்கி என்னும் சொல்லை எழுதும் முறைகளுள் ஒன்றுக்கு ‘மார்பகத்துக் கல்’ என்பது பொருளாம். ஜென் துறவியர் பசியைப் பொறுக்கச் சூடேற்றிய கல்லை ஆடைக்குள் வைத்துக்கொண்டனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் விளக்கம். தேநீர்க் கலையைச் சார்ந்த எளிய உணவுக்கு வழங்கிய அப்பெயரே பின்னாளில் செல்வர் விருந்துக்கும் வழங்கலாயிற்று.

மற்றவர்கள் சிரித்தனர். என்னால் இயலவில்லை. எங்கள் பள்ளியில் வறிய மாணவர்க்குக் காலையுணவு இலவசமாக வழங்கப்படுகிறது. அவர்களுள் ஒரு சிறுவன் நாள்தோறும் பாதி உணவைத் தாளில் மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். வீட்டில் பள்ளி வயதை எட்டாத தங்கை இருக்கிறாள். இதனைச் சிற்றுண்டிச்சாலை அம்மையார் அதற்கு முந்திய வாரந்தான் என்னிடம் கூறியிருந்தார். பல மாதங்களாக நடந்து வருகிறதாம். “கவனிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நான் மறந்து போயிருந்தேன்.

என் மனத்தை அறிந்த நண்பர் கேட்டார்: “நீர் உண்ணாமல் எழுந்துவிட்டால் அச்சிறுவனின் வயிறு நிறைந்துவிடுமா?” நியாயமான கேள்வி. நிறையாது. குற்றவுணர்வு எவருக்கும் உணவாவதில்லை. நல்ல உணவை வெறுப்பது அதனைச் சமைத்தவரின் உழைப்பை இகழ்வதாகவும் முடியும். ஆகவே சுவைத்ததைக் குற்றம் என்று நான் கருதவில்லை.

பின் குற்றம் எங்கே? வீடு திரும்பிய பின்னரே அது விளங்கிற்று. ஒரு மீன் துண்டுக்கு நான் அளித்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட என் கண்ணெதிரே உண்ட மாணவனுக்கு அளிக்கவில்லை. பார்க்கத் தெரியாதவன் அல்லேன். பார்க்கும் ஆற்றல் எனக்கு உண்டு என்பதை அவ்விருந்தே மெய்ப்பித்துவிட்டது. அவ்வாற்றலை எங்கே செலவிட்டேன் என்பதே வினா. சுவையுணர்வு கவனத்திற்கு ஒரு பயிற்சி. அக்கவனம் நாவோடு நின்றுவிடும்போதுதான் அது குறையாகிறது.

வள்ளுவர் அளவறிந்து உண்ணுதலை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். பிறரை ஊட்டி மகிழ்தலை ‘விருந்தோம்பல்’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். முன்னது தன்னுடலைக் கவனித்தல். பின்னது பிறர் முகத்தைக் கவனித்தல். இரண்டும் வேண்டும். எனினும் முன்னதை மட்டும் கற்றவன் அரைப் பாடமே கற்றவனாவான்.

இப்போது அச்சிறுவன் தன் உணவை முழுதும் உண்கிறான். தங்கைக்கெனத் தனிப் பொட்டலம் ஒன்று அம்மையார் கட்டித் தருகிறார். அதற்குரிய தொகையை நான் கொடுக்கிறேன் என்று எழுதுவதில் பெருமை ஏதுமில்லை. காலங்கடந்து செலுத்தும் கடன் அது. ஆசிரியப் பெருமக்கள் நண்பரோடு கூடி நல்விருந்து உண்க, சுவைத்தே உண்க. மறுநாட் காலை, மாணவரின் உணவுத் தட்டையும் அதே கண்களால் ஒருமுறை நோக்குக.