ஸ்ரீமாலாகாரர் பெற்ற வரம்



கம்பம் பள்ளத்தாக்கில் திவ்யதேசம் ஒன்றும் இல்லை. பாண்டிநாட்டுத் திருப்பதிகளைச் சேவிக்க எழுந்தருளும் பாகவதர்கள் கூடலழகரையும் திருமாலிருஞ்சோலையையும் திருமோகூரையும் சேவித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றுவிடுவர். தேனிப் பக்கம் திரும்புவார் அரியர். ஆயினும் இப்பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்கும் மேகமலை, வருசநாட்டு மலைத்தொடரின் மறுசாரலில் இருப்பது பெரியாழ்வாரின் திருநந்தவனம் அமைந்த ஊர். 2021-ஆம் ஆண்டில் இம்மலைக் காடுகளைப் புலிகள் காப்பகமாக அறிவித்த அரசு, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தது. புலிகளுக்காகச் செய்த காரியம். செய்தித்தாளில் அப்பெயரைக் கண்டு உகந்தது நாம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நாம் ஊர்ப் பெருமாள் சந்நிதியில் திருத்துழாய் பறித்து மாலை கட்டும் கைங்கர்யத்தில் சேர்ந்தோம். விடியுமுன் நீராடித் திருமண்காப்பு தரித்து, பூக்குடலையுடன் நந்தவனத்துக்குச் செல்வது. பறித்ததை ஈரத்துணியில் பரப்பி, நனைத்த வாழைநாரில் தொடுப்பது. திருவாராதனத்துக்கு முன் அர்ச்சகர் கையில் சேர்ப்பது. இவ்வளவே வேலை. மறுநாளும் இதுவே. வங்கியில் மாலைதோறும் ரொக்கம் பைசா வரை ஒத்துப்போக வேண்டும்; ஒத்துப்போன இருப்பு மறுநாளின் ஆரம்ப இருப்பாக எழுதப்படும். முப்பதாண்டுகளுக்கு மேல் அப்படியே வாழ்ந்தவருக்கு, இருப்பு என்பதே இல்லாத வேலை முதலில் விளங்கவில்லை. நேற்றுச் சாற்றிய மாலை இன்று நிர்மால்யம். அது எவ்வளவு அழகாக இருந்தது என்பதால் இன்றைய மாலைக்கு ஓர் இலைகூட மிச்சமாவதில்லை. தினந்தோறும் வெறுங்கையோடு தொடங்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: முதல் சில மாதங்கள் எத்தனை மாலை கட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். வணிகவியல் படித்த கை சும்மா இருக்குமா? பின்பு ஒருநாள் எழுத மறந்தோம். அடுத்த நாள் எழுதத் தோன்றவில்லை. அதற்குப் பிறகே அவ்வேலையின் இனிமை தெரிந்தது. நார் எங்கே இறுக வேண்டும், எங்கே நெகிழ வேண்டும் என்று விரல் தானே அறியத் தொடங்கிய நாள்களில், வேறு எங்கும் போகவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

இந்நிலையில்தான் நாம் ஒரு பிழை செய்தோம். சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டியில் பூச்சந்தை கூடுகிறது. உத்ஸவ காலங்களில் மல்லிகையும் சம்பங்கியும் வாங்க அங்கே செல்வோம். சந்தைக்கு வெளியே கூலிக்குப் பூக் கட்டும் ஓர் அம்மையார், நாம் ஒரு சரம் முடிப்பதற்குள் மூன்று சரம் முடிப்பார். அவர் விரல்களைக் கண்டு வியந்து, “பெருமாளுக்குப் போகிற பூவைக் கட்டுகிறீர்கள். இந்த மனநிறைவு யாருக்கு வாய்க்கும்?” என்றோம். அவர் நிமிராமலே சொன்னார்: “மனசு நெறையத்தான் செய்யுது சார். அதுக்காக வெரலு வலிக்காமலா இருக்கு? கூலி போன வருசம் குடுத்ததேதான் இந்த வருசமும்.”

சொல்லில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு மறுமொழி, அவ்வளவே. திரும்பும் வழி முழுதும் அது நம்மை விடவில்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் கணக்கில் விழும் ஒருவர், முழக் கணக்கில் கூலி பெறும் ஒருவரிடம் நிறைவைப் பற்றிப் பேசியது தகுமா?

நம் பூர்வர்களின் சரித்திரத்தில் எளிய தொண்டை உகந்தவர்கள் பெரும்பாலும் அதைத் தாமே வரித்துக்கொண்டவர்கள். திருவேங்கடவன் சந்நிதியில் படியாகக் கிடக்க விரும்பிய குலசேகரப் பெருமாளுக்கு, விட்டுவர ஓர் அரசு இருந்தது. பெரியாழ்வார் மதுரையில் பொற்கிழி பெற்று யானைமேல் வலம்வந்த பின்னும் பூக்குடலையை எடுத்தார். எம்பெருமானார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் திருவேங்கடத்தைப் பாடும் பதிகத்துக்குப் பொருள் அருளிச்செய்கையில், அங்கே சென்று புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று கோஷ்டியைக் கேட்டார். மலையின் குளிருக்கு அஞ்சி மற்றவர் வாளாவிருக்க, அனந்தாழ்வான் எழுந்தார். நீர் போம் என்று ஒருவரைப் பெயர் சொல்லி எம்பெருமானார் நியமித்திருக்கலாம். எழுந்திருக்கவும் எழாதிருக்கவும் அனைவருக்கும் இடம்விட்டுக் கேட்டார் என்பதை இத்தனை நாள் நாம் கவனித்ததில்லை. நமக்கும் அந்த இடம் இருந்தது. துழாய் பறிக்காவிட்டால் நம் வீட்டு அடுப்பு அணையாது. சந்தை வாசலில் இருந்த அம்மையாருக்கு அது இல்லை. அவருக்கு நிறைவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? உண்டு என்று அவரே சொன்னார். ஆனால் தமக்குப் போதும் என்று அவர் சொல்லலாம். அவருக்குப் போதும் என்று நாம் சொல்ல நமக்கு உரிமை ஏது?

பெரியாழ்வார் புஷ்ப கைங்கர்யத்தைத் தேர்ந்ததற்கு நம் பெரியோர் ஒரு காரணம் சொல்வர். எம்பெருமான் உகக்கும் தொண்டு எது என்று ஆராய்ந்தபோது, வடமதுரையில் கண்ணன் தானே ஸ்ரீமாலாகாரர் வீடு தேடிச் சென்று பூ வேண்டியதை நினைந்தாராம். இந்த வரலாறு ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் ஐந்தாம் அம்சத்தில் உள்ளது. அவரை மாலையால் பிழைப்பவர் என்றே முனிவர் குறிக்கிறார். நந்தவனம் வைத்து ஓய்வாகத் தொண்டு செய்தவரல்லர். பூ விற்று உண்டவர். நாதர்கள் தம் இல்லம் தேடி வந்தார்கள், தாம் தன்யரானோம் என்று மகிழ்ந்து, இருந்த பூக்களில் சிறந்தவற்றை மேலும் மேலும் எடுத்துக் கொடுத்தார். விலை கேட்கவில்லை. அவ்விடத்தில் அவர் எய்திய நிறைவுக்கு மேல் ஒன்று இல்லை என்று நம் ஆசாரியர்கள் ஈடுபடுவர். நாமும் பல உபந்யாசங்களில் கேட்டு உருகியிருக்கிறோம்.

அதன் அடுத்த சுலோகங்களை இம்முறை எடுத்துப் பார்த்தோம். கண்ணன் அவருக்கு வரம் அளிக்கிறான். திருமகள் உன்னை ஒருபோதும் நீங்காள்; உன் உடல்வலிமை குறையாது; உன் பொருள் குறையாது; உன் சந்ததி நீளும். போகங்களை அனுபவித்து, முடிவில் தன் நினைவோடு மேலுலகு அடைவாய் என்பது அதற்குப் பின்பே வருகிறது. உடல்வலிமையும் பொருளும்! அந்த அம்மையார் சொன்ன விரல் வலியும் கூலியும் அவையேயன்றோ? மாலாகாரர் நிறைந்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கண்ணன் கொடாமலிருக்கக் காரணமாக்கிக்கொள்ளவில்லை. பூவைப் பெற்றுக்கொண்டவன் அவன். பூ கொடுத்தவரின் கைக்கும் வீட்டுக்கும் என்ன வேண்டும் என்று எண்ணியவனும் அவனே.

நாம் கட்டும் துழாய் மாலைக்கு யாரும் கூலி தர வேண்டியதில்லை. அது நம் பேறு. உத்ஸவ மாலைகளின் நிலை வேறு. சந்நிதியின் உபயக் கணக்கை வாங்கிப் பார்த்தோம். பூவுக்கு ஒரு தொகை இருக்கிறது, பந்தலுக்கு இருக்கிறது, ஒலிபெருக்கிக்குக்கூட இருக்கிறது. கட்டுகூலி என்று தனி வரி இல்லை. வியாபாரி பூ விலைக்குள் அடக்கித் தாம் நினைத்ததைக் கொடுக்கிறார். அதைத் தனியே பிரித்து, கட்டுபவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றும், தொகையை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எவ்வளவு என்று குறிக்க நமக்குத் தெரியாததால் சீலையம்பட்டிக்கு மறுபடி சென்று அந்த அம்மையாரிடமே கேட்டோம். அவர் சற்று யோசித்து ஒரு தொகை சொன்னார். நாம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அப்படியே எழுதிவிட்டோம்.