கொடையா, கடனா?

அயல்நாடு சென்று ஊதியமின்றித் தொண்டாற்றுதல் இளைஞர்க்கு அழகு. ஆயின் அத்தொண்டு கொடையா, கடனா என்னும் வினா எழுகின்றது. கொடை எனக் கருதுபவன் தன்னை உயர்ந்தோனாகவும் பெறுபவனைத் தாழ்ந்தோனாகவும் எண்ணத் தொடங்குகின்றான். அங்கேயே அறம் தேய்கின்றது.

காப்பாரிலிருந்து ஓர் இளைஞன் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கற்பிக்கச் செல்வதாகக் கொள்க. நவம்பர் 2ஆம் நாள் அவ்வூரார் இறந்தோர் படங்களின்முன் அவர்கள் விரும்பிய உணவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, செண்டுமல்லி மலர்களைப் பரப்புவர். தீபாவளிக்கு முதல்நாள் தன் தாய் முன்னோர்க்கு இடும் படையல் அவன் நினைவுக்கு வரும். அச்செண்டுமல்லி மெக்சிகோ மண்ணுக்கு உரியது. தாயின் குழம்புக்குக் காரமூட்டும் மிளகாயும் அங்கே விளைந்து பரவியதே. இவை ஐரோப்பியர் கப்பல்களில் வந்து தமிழர் வாழ்வில் கலந்தன. கொடுக்கச் சென்றவன், தான் முன்னரே பெற்றவன் என்பதை உணர்வான்.

இந்நாடும் இத்தகைய தொண்டரைக் கண்டதுண்டு. 1962 முதல் 1983 வரை அமைதிப்படை எனப்பட்ட அமெரிக்கத் தொண்டர் அமைப்பினர் இங்குப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்தனர். கற்பிக்க வந்தோர் முதலில் மலாய்மொழியின் மாணவராயினர்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை முன்வைத்து, ஈகையை அதன்பின் வைத்தார். ஒப்புரவு என்பது உலகத்தோடு ஒத்து நின்று ஆற்றும் கடமை. இரங்கி ஈவதற்கு முன் ஒத்து நிற்கக் கற்றல் வேண்டும் என்பதே அவ்வைப்புமுறை உணர்த்தும் பாடம். தமிழில் கடன் என்னும் சொல் கடமையையும் குறிக்கும். அயலார் வாயிலில் மாணவனாய் நுழைபவனே அக்கடனைத் தீர்க்கும் தொண்டனாவான்.