படம் நம்முடையது, பேர் எங்கே?

கொழும்பில் ஒரு பெரிய கடை. தேயிலை அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் நின்று ஒரு பைக்கெற்றைக் கையில் எடுத்தேன். பச்சை மலை, பனி, தலையில் பட்டி போட்ட கூடை, மூக்குத்தி, வாய் நிறையச் சிரிப்பு. எங்கள் பூனாகலை அத்தையே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். எடை இருந்தது, விலை இருந்தது, காலாவதித் திகதி இருந்தது, கம்பனியின் பேஸ்புக் பக்கம்கூட இருந்தது. அவள் பேர் இல்லை.

தம்பி, தங்கச்சி, தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் சம்பளம். சொன்ன கிலோ கூடையில் சேரவில்லையா, அரைப்பேர். காலையிலிருந்து அட்டைக்கடியோடு மலையேறி இறங்கியவளுக்கு, அந்தி நிறுவையில் ஒரு கிலோ குறைந்ததற்காக அரை மனுஷி என்று கணக்கு!

பைக்கெற்றில் சிரிக்கிற அந்தப் படம் ஒரு விளம்பரம். விளம்பரம் புதுசாக வந்த வித்தை என்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க விடாதீர்கள். அந்த வித்தையின் பெரிய வாத்தியார் நம் மலையில்தான் உட்கார்ந்திருந்தார். அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் விடியற்காலையில் ஏறுகிற லிப்டன் சீட் யாருடையது? தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சின்ன மளிகைக்கடை திறந்தவர். கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஓட்டிக் கடைக்கு ஆள் சேர்த்தார். 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து ராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை இறக்கி, உள்ளே தங்கக் காசுகளைச் செருகி வைத்தார். கூட்டம் முட்டி மோதியது. 1890இல் ஊவாவுக்கு வந்து தோட்டங்களை வாங்கினார், தம்பதென்ன தொழிற்சாலை எழுந்தது. தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று உலகத்துக்கே சொன்னார். அந்த விளம்பரங்களிலும் கூடையோடு நின்றது நம் ஆத்தாமார்தான். பேர் மட்டும் லிப்டன். ஆளைத் திட்டி என்ன பயன்? எனக்கு அவர்மேல் ஒரு பொறாமைகூட உண்டு. சரக்கை விற்பதற்கு முன்னால் கதையை விற்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். நம் கதையை நாம் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

சொல்லவே இல்லையா? சொன்னோம். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துப்போன காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் நுழைந்தார். 'தேசநேசன்' நடத்தினார், 'தேசபக்தன்' நடத்தினார், துண்டுப் பிரசுரம் அடித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டி, அச்சிட்டு, மேடையில் நின்று பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு மனப்பாடம் ஆகும், ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குத் தானே நடந்து போகும். இன்று நீ 'ஷெயார்' என்று சொல்கிற சங்கதி அது. அவர்களிடம் டேட்டா கார்ட் இல்லை. உன்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?

நடிகருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறாய். போடு, நான் தடுக்கவில்லை. ஆனால் உன் கைக்கு எவ்வளவு பலம் உண்டென்று 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நீயே பார்த்தாயே! கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த நம் பிள்ளைகள், சமூக ஊடகத்தில் பரவிய அழைப்பைப் பார்த்து, கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கேட்டது நாளுக்கு ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம். அப்போது இருந்தது 500. லயத்துப் பிள்ளை என்பதை மறைத்து ஊர்ப் பேரை மாற்றிச் சொன்னவன்கூட அன்று "எங்கம்மா கொழுந்து பறிக்கிறவ" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றான். எனக்கு அந்த நாளின் பெரிய வெற்றி அதுதான்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. வரவுக்கும் கூடுதல் கொழுந்துக்கும் கொடுத்துவந்த கொடுப்பனவுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லாம் சேர்ந்து முன்பு 730 ரூபாய், ஒப்பந்தத்துக்குப் பிறகு 750. இருபது ரூபாய்! ஆயிரம் என்கிற எண் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் ஏற 2021 மார்ச் ஆனது, அதுவும் 900உம் 100உமாகப் பிரித்து. அதற்குப் பிறகு கிலோவைக் கூட்டி அரைப்பேர் போட்ட தோட்டங்களும் உண்டு. ஒரு நாள் கூட்டத்தோடு போனை அணைத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிக்காரர்கள்தான் இருப்பார்கள். கம்பனி ஒரு நாளும் பதிவு போடாமல் இருப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? காலையில் பனி படர்ந்த மலை, மத்தியானம் கோப்பையில் ஆவி, கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலையின் மணம். ஒரே பல்லவிதான், ஆனால் விடாமல் பாடுகிறது.

உதவி நிறுவனங்களும் விடாமல் பாடுகின்றன. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்த மலை. எச்சரிக்கை கடுதாசியில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. 2023 மார்ச் 19 இரவு நம் பூனாகலை கபரகலையில் மண் இறங்கியது. லயத்தை இழந்த குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்த் தங்கின. இரண்டு தடவையும் கமெராக்கள் வந்தன. ஓர் உதவி நிறுவனத்தின் ஆள் என் கண்முன்னால், கொப்பி வாங்க வந்த பிள்ளையிடம் "கொஞ்சம் சோகமா பாரு மகள்" என்றார். அந்தப் பிள்ளை சிரித்துத் தொலைத்துவிட்டது. மூன்று தடவை எடுத்தார்கள். கொடுப்பவர் நிமிர்ந்து நிற்பார், வாங்குபவர் குனிந்து நிற்பார். அந்தப் படத்தில் இனி நிற்காதே! கொப்பியை வாங்கு, படத்துக்கு முடியாது என்று சொல். உனக்கு அந்த உரிமை உண்டு.

அழுது பதிவு போடாதே. கணக்கோடு போடு. அம்மாவின் சம்பளச் சீட்டைக் கையில் எடு. எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எவ்வளவு பிடித்தம், எந்த மாதம், எல்லாம் வரிசையாக எழுது. லயத்துக் கூரை ஒழுகுகிறதா, திகதியோடு படம் எடு. அடுத்த மழைக்கும் அதே இடத்தில் நின்று எடு. யாருக்குச் சொல்கிறாய் என்று முதலில் தீர்மானி. தமிழில் மட்டும் எழுதினால் நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்வதோடு சரி. பக்கத்து ஊர் சிங்கள நண்பனுக்கு அவன் மொழியில் எழுது, தேயிலை வாங்குகிற நாட்டுக்காரனுக்கு ஆங்கிலத்தில் எழுது. பிழை வருமா? வரட்டும், அடுத்த பதிவில் திருந்தும். ஆனால் தெரியாததை எழுதாதே. 2018 மார்ச்சில் திகனையில் வெறுப்பைப் பரப்பியதும் இதே பேஸ்புக்தான். அரசாங்கம் அதை நாட்டுக்கே மூடியது, பேஸ்புக் கம்பனி இரண்டு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டது. தீக்குச்சி அடுப்புக்கும் ஆகும், கூரைக்கும் ஆகும்.

"நான் ஒரு ஆள், என் பக்கத்தை யார் பார்ப்பா?" என்கிறாய். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் சனம் நடந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆத்தா அப்பன் நடந்த அதே தடம். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. மலையகம் 200 என்ற ஒரு சொல்லோடு படம் படமாகப் போனது; லயத்துக்கே வராதவர்களும் 'மலையகத் தமிழர்' என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதையும் யாரோ ஒரு ஆள்தான் முதலில் நடந்து, யாரோ ஒரு ஆள்தான் முதலில் படம் பிடித்துப் போட்டிருப்பான். நீயும் ஒரு ஆள்தானே, வேறென்ன வேண்டும்?

போன மாதம் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி இதைச் செய்தாள். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா முன்னால் உள்ள கல். நிறுவை முடிந்து இறங்கிய அம்மாவை அந்தக் கல்லில் உட்கார வைத்து, கூடையைப் பக்கத்தில் வைத்து, போனை உயர்த்தினாள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டார், கொழுந்துக் கறை படிந்த விரல்களை மடிக்குள் மறைக்கப் பார்த்தார். "மறைக்காதீங்கம்மா, அதுதான் வேணும்." கைகள் வெளியே வந்தன. படத்துக்குக் கீழே எழுத மகள் தட்டத் தொடங்கியபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னாடி எழுதுற?"

"உங்க பேரு."

"போட்டா முழுப்பேரா போடு. நீயும் அரைப்பேர் போட்டுறாத."