கவிழ்த்து வைத்த டின்

பெரியப்பா அந்த டின்னை எடுத்தார். இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். திரும்ப அலமாரியில் வைத்தார். வைக்கும்போது கவிழ்த்து வைத்தார். நடந்தது இவ்வளவுதான். ஐந்து மாதமாக இது என்னை விடவில்லை.

அவர் எனக்கு ரத்த உறவு இல்லை. மலேசியாவின் கெடாவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். அப்பாவுக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். கிள்ளானில் தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு வந்தவர், திரும்பும் பேருந்து மறுநாள் காலையில்தான் என்பதால், மழையில் நனைந்தபடி என் வீட்டுக்கு வந்தார். இரவு எட்டரை மணி. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அரிசி இருந்தது, வெங்காயம் இருந்தது, ஒரு முட்டைகூட இல்லை. கூடத்து அலமாரியில் 41 சாடின் டின்கள் இருந்தன.

"என்ன தம்பி, இம்புட்டு சாடின் அடுக்கி வச்சிருக்க?"

"எல்லாம் பழசு பெரியப்பா. சாப்பிட முடியாது. சும்மா வச்சிருக்கேன்."

அது பொய். வாயிலிருந்து அது வந்த வேகம் எனக்கே புதிதாக இருந்தது. அதன் பிறகுதான் அவர் டின்னை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

அவர் கையில் எடுத்தது பிரான்சின் பிரெத்தாஞ் கரையில் 2019இல் அடைத்த டின். மூடியில் ஆண்டைப் பெரிதாகப் பொறித்திருப்பார்கள். திராட்சை மதுவுக்குப் போடுவதுபோல அங்கே மத்திக்கும், அதாவது நம் சாடினுக்கும், ஆண்டு போடுகிறார்கள். கோடையிலும் கோடை கழியும்போதும் மீன் கொழுத்திருக்கும். அப்போது பிடித்து, தலையும் குடலும் நீக்கி, கழுவி, உலர்த்தி, எண்ணெயில் லேசாகப் பொரித்து, கையால் ஒவ்வொன்றாக அடுக்கி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடுவார்கள். மூடிய பிறகும் உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் சதைக்குள் இறங்குகிறது. வெந்து மெத்தென்றான முள் இன்னும் இளகுகிறது. சில ஆண்டுகளில் மீன் நாக்கில் வெண்ணெய் போலக் கரைகிறது. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊற வேண்டும் என்பதற்காக, சேர்த்து வைப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டின்னைப் புரட்டி வைப்பார்கள். நானும் ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும் புரட்டி வைக்கிறேன்.

இந்த டின்களைச் சேர்ப்பவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயரே இருக்கிறது: புக்சிசார்டினோஃபில். அந்தச் சொல்லைக் கண்ட நாளில், உலகில் என்னைப் போல வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது. சாப்பிடுவதற்கென்று வாங்குபவை தனி. அவை சமையலறையில் இருக்கும், வந்த வேகத்தில் தீரும். போர்ச்சுகலின் மத்தோசின்யோஸ் ஊரில் 1920இல் தொடங்கிய பின்யாய்ஸ் ஆலையின் நூரி மத்தி எனக்கு உயிர். டின்னை மஞ்சள் தாளில் கையாலேயே சுற்றியிருப்பார்கள். திறந்தால் மிளகாய், கிராம்பு, பிரிஞ்சி இலை, ஒரு துண்டு கேரட் எல்லாம் எண்ணெயில் மிதக்கும். சுடச்சுட ரொட்டியில் வைத்து அந்த எண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். அன்று அதிலும் ஒன்றுகூட மிச்சமில்லை.

திரும்பத் திரும்ப அந்தக் கட்டை விரலுக்கே வருகிறேன். டின் கெட்டிருந்தால் உள்ளே வாயு சேர்ந்து மூடி உப்பும். அழுத்தினால் மேலெழும்பி வரும், சில சமயம் 'டிக்' என்று ஒலி கேட்கும். தோட்டத்துக் கடையில் அம்மா எந்த டின்னையும் இப்படி அழுத்திப் பார்க்காமல் வாங்கியதில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பெரியப்பா அழுத்திய டின் கல் மாதிரி இருந்தது. அது கெடவில்லை என்று அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். கவிழ்த்தபோது அடியில் அச்சிட்டிருந்த கெடுநாளையும் பார்த்திருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. போட்டுக்கொண்டாரா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒரு நாள் போட்டுக்கொண்டது போலத் தோன்றுகிறது, மறுநாள் இல்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து வீட்டில் எங்களிடம் ஒரே ஒரு டின் இருந்தது. சேவல் படம் போட்டது. 1892இல் சிங்கப்பூரில் கடை விரித்த ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரரின் வணிகத்திலிருந்து வந்த சரக்கு அது என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அது சாடின், அவ்வளவுதான். சாடின் ஒரு மீன் என்பதே எனக்குத் தெரியாது. டின்னில் இருக்கும் சிவப்புக் குழம்புக்குப் பெயர் சாடின் என்று நினைத்திருந்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தாத்தா ஒரு நாள் அதைப் பிட்டுப் பார்த்து, "இது நம்மூரு சாளைடா" என்றார். நான் நம்பவில்லை. சாளை என்றால் கடல் வேண்டும். எங்கள் தோட்டத்தில் மரம்தான் இருந்தது.

அந்த டின் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில், மேல்தட்டில் இருக்கும். கேட்டால் அம்மா, "விருந்தாளி வந்தா வேணும்ல" என்பார். சுங்கைப்பட்டாணியிலிருந்து கடைசிப் பேருந்தில் யாராவது வந்து இறங்கும் இரவுகளில் மட்டும் அது கீழே வரும். வெங்காயமும் காய்ந்த மிளகாய் விழுதும் எண்ணெயில் வதங்கும் வாசத்துக்கு நாங்கள் பிள்ளைகள் அடுப்படியில் கூடிவிடுவோம். அம்மா மீனைச் சட்டியில் கவிழ்த்துவிட்டு, டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி, ஒட்டியிருந்த குழம்பையும் சட்டியில் ஊற்றுவார். கடைசியில் எலுமிச்சை பிழிவார். மீன் விருந்தாளிக்கு, எங்களுக்குக் குழம்பு பிசைந்த சோறு. மறுநாள் பார்த்தால் மேல்தட்டில் டின் மறுபடி இருக்கும். பத்து வயது வரைக்கும் அது ஒரே டின் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீராத டின். கடையில் பற்று எழுதி அம்மா உடனே இன்னொன்று வாங்கி வைத்துவிடுவார் என்பது, பற்றுச் சீட்டை நானே கூட்டிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. சம்பள நாளில் மற்ற எதில் கை வைத்தாலும் அதில் மட்டும் அம்மா கை வைக்கவில்லை.

டின்கள் சேர்க்கும் ஆசை எனக்கு அந்த மேல்தட்டிலிருந்துதான் வந்தது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எல்லோர் முகமும் இளகும். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எப்போதோ எங்கோ படித்தது ஒன்று இந்த ஐந்து மாதமும் கூடவே வருகிறது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு சமையல்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வேகவைத்தால் கெடாது என்று கண்டறிந்து, அந்த முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைக் காட்டுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அதே 1810இல் லண்டனில் தகரப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். தகரம் திறக்கும் கருவியோ 1850களில்தான் வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும் கொண்டுதான் டின்னை உடைத்தார்கள். மூட ஒரு தலைமுறை, திறக்க இன்னொரு தலைமுறை. முதல் தடவை படித்தபோது வேடிக்கையாக இருந்த செய்தி, இப்போது என்னைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.

அந்த மீனை அடுக்கும் கைகளைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறேன். பிரெத்தாஞ் கரையில் துவார்னெனே என்று ஓர் ஊர். படகு வந்தால் எந்த நேரமானாலும் பெண்கள் ஆலைக்கு ஓட வேண்டும். மீன் நாறிவிடும் என்பதால் இரவும் பகலும் நின்றுகொண்டே வேலை. மணிக்கு 80 சாந்தீம் கூலி. 1924 நவம்பரில் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரம் தாக்குப்பிடித்து, 1925 ஜனவரியில் மணிக்கு ஒரு பிராங்க் கூலி வாங்கினார்கள். அதே ஆண்டு அவர்களில் ஒருவரான ஜோசஃபின் பாங்கலே நகர மன்றத்துக்குத் தேர்வானார். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்று தேர்தலையே செல்லாததாக்கினார்கள். அதைப் படித்தபோது, தலையில் துணி கட்டி இருட்டோடு பெரட்டுக்கு, அந்தக் காலை ஆள்கணக்குக்கு, ஓடும் அம்மாவும் லயத்துப் பெண்களும் கண்ணில் வந்தார்கள். துவார்னெனே பெண்களை எண்ணிக் கண் கலங்கினேன். அதே அம்மாவோடு பெரட்டுக்கு நின்ற ஒரு மனிதர் என் கூடத்தில் ஈரத் தலையோடு நின்றபோது, பழசு, சாப்பிட முடியாது என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? விலை காரணமில்லை, அன்றிரவு வெளியே சாப்பிட்டதற்கு ஆன செலவு அதைவிடக் குறைவொன்றுமில்லை. எழுதவே கூசுகிறது: பெரியப்பா அதைச் சம்பலாக்கிவிடுவார் என்று பயந்தேன். வெங்காயம், மிளகாய் விழுது, எலுமிச்சை. ஐந்தாறு ஆண்டு ஊறிய எண்ணெய் மிளகாய்க் காரத்தில் காணாமல் போய்விடும். இவருக்கு இதன் ருசி தெரியாது என்று அந்த ஒரு கணத்தில் முடிவு கட்டிவிட்டேன். ருசி தெரிந்த யாருக்காக வைத்திருக்கிறேன் என்று பார்த்தால், என் வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை.

சாப்பிட எங்கே போனோம் என்று இன்னும் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கை வரவில்லை. தெருமுனை மாமாக் கடைக்குப் போனோம். பையன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

"ரொட்டி சாடின் ஒண்ணு போடச் சொல்லுய்யா" என்றார்.

ருசித்துத்தான் சாப்பிட்டார். சாப்பிடும்போது அப்பாவைப் பற்றிப் பேசினார், அம்மாவைப் பற்றிப் பேசினார். "உங்கம்மா சம்பல் மாதிரி வராது" என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததா? அவர் குத்திப் பேசும் ஆள் இல்லை. ஆனால் கெட்டிக்காரர், பால் நிறுக்கும்போது கிராணி எழுதும் கணக்கை எட்ட நின்றே பிடித்துவிடுவார் என்று அப்பா சொல்வார்.

போன மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மகனோடு குறைந்த விலை வீட்டில் இருக்கிறார். பார்க்க வருகிறேன் என்றேன். "வா தம்பி. வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராதே" என்றார். எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதான். அந்த டின்னை எடுத்துப் போய் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு, கொடுத்தால் அது விருந்தா, என் பொய்யை அவர் முன் கொண்டுபோய்த் திறப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன். அவருக்கு எதுவுமே தோன்றியிருக்காவிட்டால், தோன்றவைப்பதும் நானாகத்தான் இருப்பேன்.

நேற்று ஜூலை 1. நாற்பது டின்களைப் புரட்டி வைத்தேன். ஜனவரியிலிருந்து மூடி மேலே பார்க்க இருந்தவை, இப்போது அடி மேலே பார்க்க இருக்கின்றன. அவருடையதை மட்டும் தொடவில்லை. அது முன்பே கவிழ்ந்து இருந்தது. இப்போது 41ம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் அதைத் தொடாமல் விட்டது அது ஏற்கெனவே சரியான பக்கத்தில் இருந்ததாலா, அவர் வைத்த இடத்திலிருந்து எடுக்கக் கை வராததாலா என்று இரவு முழுவதும் யோசித்தேன். தெரியவில்லை.