யுத்தத்தில் தந்திரமும் துரோகமும்

யுத்தத்தில் தந்திரம் கூடும்; துரோகம் கூடாது. ஃபுகஹாக்கள் வகுத்த எல்லை இது. படை வடக்கே போவதாகக் காட்டித் தெற்கே போவது தந்திரம். அபயம் தந்தவனையே வெட்டுவது துரோகம். அப்படியானால், எதிரியின் சட்டைப் பையில் அவனறியாமல் வெடிமருந்தை வைப்பது எதில் சேரும்?

2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஹிஸ்புல்லாஹ் இயக்கத்தாரிடமிருந்த ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. மறுநாள் வாக்கி டாக்கிகள் வெடித்தன. இரு நாட்களிலும் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இதற்கு அனுமதி தந்தது தாமே என்று இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு அவ்வாண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டார்.

“ஊரையே குண்டு வீசி அழிப்பதைவிட, எதிரியின் கையிலுள்ளதை மட்டும் வெடிக்கச் செய்வது மேலல்லவா?” என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அந்த நொடியில் ஒவ்வொரு கருவியும் எந்த வீட்டில், எந்தக் கடையில், எவர் கையில் இருந்தது என்பதை வெடிக்கச் செய்தவர் கண்டாரா? காணாமல் கொல்பவர், போராளியையும் பாலகரையும் எப்படிப் பிரித்தறிவார்? தீங்கற்றதாகத் தோன்றும் கையடக்கப் பொருளாகவே வெடிகுண்டைச் செய்து பயன்படுத்துவதை 1996இல் திருத்தப்பட்ட சர்வதேச உடன்படிக்கை தடுக்கிறது. இஸ்ரேலும் அதை ஏற்ற நாடுதான்.

இதே தராசு நமக்கும் உண்டு. சந்தையில் குண்டு வைப்பவன் கலிமாச் சொன்னவனாயினும் அவன் செயல் ஹராமே. பகைவரிடமும் நீதி தவறலாகாது என்பது இறைக்கட்டளை. அதில் நிலைத்து நிற்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நமக்கு நல்குவானாக! ஆமீன்.