கடனாளியின் தூக்கம்

"கடன் இருக்கிறவனுக்கு யோகாவும் கவுன்சலிங்கும் எதுக்கு? கட்டி முடிச்சிட்டு நிம்மதியா இருக்கட்டுமே." இப்படிக் கேட்பவர்கள் நிம்மதியைக் கடன் அடைத்தபின் கிடைக்கும் பரிசாக நினைக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. வட்டியைக் கணக்குப் பார்க்கவும், "இந்த வாரம் முடியாது" என்று குரல் நடுங்காமல் சொல்லவும் தூங்கி எழுந்த மனம் வேண்டும்.

அரசு சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. 2022இல் தொடங்கிய டெலி மானஸின் 14416 எண்ணில் பேசக் கட்டணமில்லை. ஆனால் கட்டணம் மட்டுமா செலவு? ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகும். பஸ் காசு தனி. வேலை முடிந்த மாலையில், நடந்து போகிற தூரத்தில் கிடைத்தால்தான் அது மலிவு.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அவர்களுக்கு மூச்சுப்பயிற்சி போதுமா? போதாது. வாசலில் நின்று கத்துகிறவரை விட்டுவிட்டு, உள்ளே நடுங்குகிறவரிடம் மட்டும் "அமைதியா இருங்க" என்றால், நாம் வசூலுக்குத்தான் உதவுகிறோம்.

ஆகவே ஆலோசகருக்குப் பக்கத்தில், கடன் பத்திரத்தைப் படித்துச் சட்டம் சொல்லத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும் என்பேன். அதுவரை? தூக்கமாவது கிடைக்கட்டும். அதற்கும் கடன் தீரும்வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.